இயந்திரம் வருமுன் சேதி வரட்டும்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலில் வரும் மாற்றங்களைப் புரிந்துகொள்வது, சமாளிப்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நூற்பாலைகளில் தொழிலாளர் பயிற்சிப் பொறுப்பில் இருந்தவன் நான். அதனால் பஞ்சிலும் நூலிலும் தொடங்குவதுதான் எனக்கு வரும்.

இயந்திரம் நம் ஊருக்குப் புதிதல்ல. 1875-இல் ரயில் வந்தது. ரயில் நிலையத்தை ஒட்டி 1892-இல் ஆர்வி சகோதரர்களின் பஞ்சாலை எழுந்தது. ஊர்க்காரர்கள் இன்றும் அதை ஆர்வி மில் என்றே சொல்கிறோம். மில் சங்கு ஊதுவதைக் கேட்டு உலை வைத்த வீடுகள் எத்தனையோ. ஆலை நூல் பரவியபோது கையால் நூல் நூற்றுப் பிழைத்த பெண்களுக்கு வேலை போயிற்று. அதே நூல் மலிவாகவும் சீராகவும் கிடைத்ததால் செல்லூர்ப் பக்கம் தறிகள் ஓடின. ஒரே இயந்திரம் ஒரு வீட்டில் அடுப்பை அணைத்தது, அடுத்த வீட்டில் ஏற்றியது. ஆகவே இயந்திரம் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதில் எனக்கு நாட்டமில்லை. அது வரப்போகிற சேதி யாருக்கு எப்போது தெரிந்தது, புது வேலையைக் கற்கும் காலத்துக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்றுதான் நான் எங்கே போனாலும் கேட்பேன்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலையில் கோன் வைண்டிங் என்றொரு பகுதி உண்டு. சிறு கண்டுகளில் இருக்கும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றுகிற இடம். முன்பு அங்கே வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். உள்ளங்கையில் சிறு முடிச்சுக் கருவி இருக்கும். நூல் அறுந்தால் இரு முனையையும் அதில் கொடுத்து முடிச்சுப் போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த கண்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு ஆட்டோகோனர் என்ற தானியங்கிச் சுற்று இயந்திரம் வந்தது. முடிச்சே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றைப் பீய்ச்சி இரு முனையின் இழைகளையும் பிரித்து ஒன்றோடொன்று முறுக்கி விடுகிறது. தடவிப் பார்த்தால்கூட இணைப்பு எளிதில் தெரியாது. நூலில் தடிப்போ மெலிவோ இருந்தால் சென்சார் கண்டுபிடித்து அறுத்துவிடும். ஒரு வரிசையே நின்று செய்த வேலையை ஓரிருவர் பார்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

ஆனால் பழுதான நூலை அறுத்துத் தள்ளத் தெரிந்த அந்த இயந்திரத்துக்கு, பழுது ஏன் வந்தது என்று தெரியாது. சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். அனுபவமுள்ள ஓர் அம்மாள், ஒதுக்கப்பட்ட கண்டை எடுத்து, நூலைக் கட்டைவிரல் நகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார். பெட்டியில் எழுதியிருக்கும் ஃப்ரேம் எண்ணை, அதாவது அது எந்த நூற்பு இயந்திரத்திலிருந்து வந்தது என்பதைப் பார்ப்பார். “எட்டாம் நம்பர்ல டிராவலர் தேஞ்சிருக்கு சார், நூலு மயிர் மயிரா நிக்குது. மேஸ்திரியப் பாக்கச் சொல்லுங்க” என்பார். டிராவலர் என்பது நூற்பு இயந்திரத்தில் நூலை வழிநடத்தும் சிறு வளையம். போய்ப் பார்த்தால் அவர் சொன்னபடியே இருக்கும்.

ஓர் ஆலையில் இப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பளம் கூடுதல், வயது கூடுதல் என்பது காரணம். அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வாசித்துச் சொல்ல ஆள் தேடுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அதன்பின் கழிவு நூல் குவிந்தது. ஏன் என்று சொல்லத்தான் அங்கே ஆளில்லை. இன்னோர் ஆலையில் இயந்திரம் வருவதற்கு வெகு முன்பே சொல்லிவிட்டார்கள். பழைய ஆட்களிலிருந்தே பொறுக்கியெடுத்து, முழுச் சம்பளத்தோடு பழக்கினோம். ஓய்வு பெறும் வயதில் இருந்தவர்களின் இடத்தை அப்படியே நிரப்பாமல் விட்டதால் யாரையும் துரத்த வேண்டி வரவில்லை. இரண்டு ஆலையிலும் ஓடியது ஒரே வகை இயந்திரம்.

இந்த யோசனை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. 1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் உட்கார்ந்து ஏற்றுக்கொண்டது அது. ஆலைகளை நவீனப்படுத்தும்போது ஏற்கெனவே இருக்கிற தொழிலாளிக்கு வேலையும் போகக்கூடாது, வருமானமும் குறையக்கூடாது. வேலைப்பளு எவ்வளவு என்று முறையாக மதிப்பிட வேண்டும். கிடைக்கும் லாபம் தொழிலாளிக்கும் சமூகத்துக்கும் நியாயமாகப் பங்காக வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலான அந்த வாசகங்களை இப்போது எடுத்துப் படித்தாலும் அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அது உடன்பாடாகவே நின்றுவிட்டது, சட்டமாகவில்லை.

சட்டத்தில் இருப்பது 21 நாள். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றமென்றால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்காக, மறுதிறன் நிதி என்று ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. ஆட்குறைப்புக்கு ஆளானவருக்காக முதலாளி 15 நாள் சம்பளத்தை அதில் செலுத்த வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்குக்குப் போக வேண்டும். வரவேற்கிறேன். ஆனால் 15 நாள் சம்பளத்தில் ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டே புதுத் தொழில் கற்க முடியுமா? கணினியால் இயங்கும் சி.என்.சி. கடைசல் இயந்திரத்தில் தனியாக வேலை பார்க்கவே மாதக்கணக்கில் பழக வேண்டும். தவிர, இந்தப் பணம் வேலை போன பிறகு வருவது. பயிற்சி வேலை இருக்கும்போதே நடக்க வேண்டியது.

சட்டமே எட்டாத இடமும் இருக்கிறது. சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். துணியை நுனிவிரலால் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, சேலை முழுக்க ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கிப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளியாகும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்கிற வேலை. மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் வந்தபின் அந்தப் புள்ளியை வெகு சீக்கிரத்தில் போட்டுவிடுகிறார்கள். புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் கூலிக்கு முடிச்சுப் போடும் பெண்ணுக்கு முதலாளி யார் என்றே எந்த ஏட்டிலும் இல்லை. அவருக்கு யார் 21 நாள் நோட்டீஸ் கொடுப்பது?

மாற்றத்தை நம் ஊர் நன்றாகக் கையாண்டதும் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவைக்குப் பின் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்ட பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வந்தபோது அது இறக்குமதிச் சரக்கு, ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் அரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே அந்த லென்ஸைச் செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கைதேர்ந்த மருத்துவர்கள் புது முறைக்காக மறுபடி மாணவர்களாக உட்கார்ந்தார்கள். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துக் கண் பராமரிப்புப் பணிக்குத் தயார் செய்கிறார்கள். லென்ஸைப் போலவே ஆட்களையும் இங்கேயே உருவாக்கினார்கள்.

கப்பலூரிலும் கே. புதூரிலும் சிறு பட்டறை நடத்துகிறவர்களுக்கு, உங்கள் நெருக்கடி தெரிந்தே ஒன்று சொல்கிறேன். புது இயந்திரத்துக்கு முன்பணம் கட்டினால் அது வந்து இறங்கச் சில மாதம் ஆகும். வங்கிக் கடனுக்கு அலையும் அந்த நாட்களிலேயே ஆட்களைக் கூப்பிட்டுத் தமிழில் சொல்லிவிடுங்கள். பழைய லேத்தில் காதால் பழுது கண்டுபிடிக்கிற ஆள் ஒருவர் உங்களிடம் இருப்பார், அவரை முதலில் பயிற்சிக்கு அனுப்புங்கள். இயந்திரம் விற்கிற கம்பெனி தருகிற பயிற்சியை உரிமையாளரின் மகன் மட்டும் போய்க் கற்று வருவதால் பயனில்லை. சங்கத் தோழர்களும் போனஸ் பேசுகிற மேசையிலேயே, அடுத்த ஆண்டு என்ன இயந்திரம் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டு, பயிற்சிக் காலச் சம்பளத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வீட்டுத் திண்ணையில் கூலி வேலை செய்யும் பெண்களின் பெயர்ப் பட்டியலை அரசுதான் எடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால்தான் பயிற்சியும் உதவித்தொகையும் அவர்கள் வாசலுக்கு வரும்.

நன்றி, வணக்கம்.