நிறுத்திய மாத்திரையை மறைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பற்றி நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "அதைச் சாப்பிடச் சாப்பிடக் கிட்னி போயிடும்." பலர் இதை மருத்துவரிடம் கேட்பதில்லை. அங்கே தலையாட்டிவிட்டு வந்து, காலை மாத்திரையை மட்டும் சாப்பிடுகிறார்கள். இரவு மாத்திரை டப்பாவிலேயே கிடக்கிறது.

பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், அடுத்து நடப்பதைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 9 விழுக்காடு வருகிறது. மருந்து போதவில்லை என்று எண்ணி மருத்துவர் கிளிபிசைட் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தையும் சேர்க்கிறார். "பார்த்தீங்களா, மருந்தை ஏத்திக்கிட்டே போறாங்க" என்று சந்தேகம் வலுக்கிறது. புது மாத்திரையும் டப்பாவுக்குப் போகிறது. பிறகொரு நாள் அந்த நோயாளி காய்ச்சலில் மருத்துவமனையில் படுக்கிறார். தாதி பட்டியலில் உள்ளபடி எல்லாவற்றையும் கொடுக்கிறார். பழகாத உடம்பு, சாப்பாடும் இறங்கவில்லை. சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்குகிறது. பழி மருந்தின்மேல் விழுகிறது.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரைதான் கெடுக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அந்த மருந்து உடம்பில் தேங்கும். அதனால்தான் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் எண் 45க்குக் கீழே வந்தால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தியதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும்.

மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவது உண்மை. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் குறையும்; மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு எனாலாபிரில் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும், லோசார்ட்டானுக்கு மாற்றலாம். சொன்னால்தானே மாற்ற முடியும்!

அடுத்த முறை போகும்போது, மிஞ்சிய அட்டைகளோடு எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து வந்த பொடியும் அதில் இருக்கட்டும். 2008இல் இங்கே சிங்கப்பூரில் கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. நீரிழிவே இல்லாதவர்கள் நினைவிழந்தார்கள், நால்வர் இறந்தார்கள். எதில் என்ன கலந்திருக்கிறது என்பது பார்வைக்குத் தெரியாது.

உள்ளே போனதும், "டாக்டர், ராத்திரி மாத்திரையை மூணு மாசமா சாப்பிடல, கிட்னிக்குப் பயமா இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்டுவதா வேண்டாமா என்பதே அந்த ஒரு வரியால் மாறும். பிறகு உங்கள் ஈஜிஎஃப்ஆர் எண்ணைக் கேளுங்கள். போன வருட எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.