விரிவுரை மண்டபத்திலிருந்து குளக்கட்டுக்கு

(கிளிநொச்சியில் வாசகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

பென்சனுக்கு முன்னரே பல்கலைக்கழக வேலையை ஏன் விட்டீர்கள் என்று பலரும் கேட்கிறீர்கள். நான் குளங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினேன். அவை பதவி உயர்வுக்கு உதவின. இரணைமடுக் குளக்கட்டில் வலை காயவிடுகிறவருக்கு அவற்றை வாசிக்க வழியில்லை. அவற்றில் நீர்மட்டம் இருந்தது. விடியப்புறத்தில் விரால் காற்றெடுக்க மேலே வருகிற சத்தம் இல்லை. அதைத் தமிழில் எழுத ஆசைப்பட்டேன். கூட்டங்களுக்கும் விடைத்தாள்களுக்கும் நடுவே முடியவில்லை. பிள்ளைகளின் படிப்பு முடிந்ததும் கடிதம் கொடுத்துவிட்டேன்.

எழுத எனக்குக் கைகொடுத்தது ஃபிளை மீன்பிடி, அதாவது பூச்சிபோலக் கட்டிய போலி இரையை வீசி மீன் பிடிப்பது. அது குளிர்ந்த ஓடைகளில் ட்ரௌட் மீனுக்காக வளர்ந்த கலை. வெள்ளைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். வன்னித் தண்ணீரின் சூட்டை அது தாங்காது. ஆனால் முறை இங்கும் செல்லும். மற்றத் தூண்டில்களில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துப் போகும். இதில் முள்ளில் இருப்பது சேவல் இறகும் நூற்கட்டும்தான், பாரமே இல்லை. தடித்த நூலின் பாரமே அதைத் தூக்கிச் செல்கிறது. தடியைப் பின்னுக்கு வீசி, நூல் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னுக்கு வீசவேண்டும். அவசரப்பட்டால் நூல் காலடியில் குவியும். எழுதுவதற்கு எனக்குத் தேவைப்பட்ட பொறுமை அந்த இடைவெளியில்தான் கிடைத்தது.

1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாதான் இன்று நம் குளங்களில் அதிகம் படுகிறது. என் மனம் விராலிடம். முத்தையன்கட்டுக் குளத்தில் ஒருநாள் தாமரைக்கரையோரம் வீசப் போனேன். பக்கத்தில் நின்ற மீனவர் தடுத்தார்: "சேர், அதில போடாதேங்கோ, குஞ்சு நிக்குது." பார்த்தேன். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து காற்றெடுத்துக் கீழே போயின. அடியில் காவல் விரால் கறுப்பாக அசைந்தது. அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அது ஆவேசமாகக் கவ்வும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. நூலைச் சுருட்டினேன். குஞ்சு நிற்கிற இடத்தில் தூண்டில் போடுவது அநியாயம் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், இளைஞர்கள் பலர் அதைக் கெட்டித்தனமாக நினைப்பதால்.

அன்றிரவு எழுதிய பக்கங்கள், நான் அதுவரை எழுதிய எந்தக் கட்டுரையையும்விட உண்மையானவை.

இப்போது வவுனிக்குளம் பற்றி எழுதுகிறேன். குளம் வற்றும்போது மீன் எந்தப் பள்ளத்தில் ஒதுங்கும், முதல் மழையோடு எந்த வாய்க்காலால் ஏறும் என்பதெல்லாம் வலைக்காரருக்குத் தெரியும். புத்தகமாக நான் கண்டதில்லை. உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடிய அப்பு, அம்மம்மா இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் வந்து, அவர்களோடு இருந்து, கேட்டு எழுதிக்கொள்கிறேன். வணக்கம்.