பிறந்த குழந்தையின் காதைச் சோதித்தீர்களா?

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, விழாவை முன்னின்று நடத்தும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செவிலியர் கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, கைக்குழந்தைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்களைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நோயாளி பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதவர் அவர். காது மருத்துவத்துக்கு முதல் தகுதியே அதுதான். முதல்வர் அவர்கள் தம் வேலைகளுக்கு நடுவே கடைசிவரை இருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

காது, உடலின் சமநிலை, குரல்வளை ஆகிய மூன்றிலும் அடிக்கடி வரும் கோளாறுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காதில் சீழ், காது இரைச்சல், திடீர்ச் செவிடு, தலைசுற்றல், குரல் கம்மல் எனக் குறித்து வந்திருக்கிறேன். எதைப் பேசினாலும் நான் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? என் பேச்சைக் கேட்டிருப்பவர்களுக்கு இந்தப் பழமொழி பழக்கம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றும் வரும்.

முதலில் தலைசுற்றல். எழுந்தால் சுற்றுகிறது, படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது என்பார்கள். பித்தம் என்பார் ஒருவர், ரத்த அழுத்தம் என்பார் இன்னொருவர். பல பேருக்குக் காரணம் உட்காதில் இருக்கிறது. அங்கே தலையின் அசைவை உணரும் மூன்று அரைவட்டக் குழல்கள், அவற்றை ஒட்டிய பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள். துகள் இடம் பெயர்ந்து குழலுக்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுழற்சி வரும். ஜான் எப்ளி என்ற மருத்துவர் 1992-இல் விவரித்த முறைப்படி, தலையை ஒரு வரிசையில் திருப்பித் திருப்பி வைத்தாலே துகள் வெளியேறிவிடும். பலருக்கு ஓரிரு முறையிலேயே குணம் தெரியும்.

இந்தக் குழல்களின் ரகசியம் வெளிப்பட்ட கதையைச் சொல்லியே ஆக வேண்டும். வியன்னாவில் ராபர்ட் பாராணி என்றொரு இளம் மருத்துவர். நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அவருடைய அன்றாட வேலை. கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றும், கண்மணிகள் தாமாகத் துடிக்கும். ஒரு நாள் ஒரு நோயாளி சொன்னார்: தண்ணீர் போதிய சூடில்லாவிட்டால்தான் எனக்குச் சுற்றுகிறது, வீட்டில் நானே வெதுவெதுப்பான நீரில் கழுவினால் ஒன்றும் ஆவதில்லை. நர்ஸைக் கூப்பிட்டார் பாராணி. இந்தச் சூடு போதும் என்று அந்த அம்மா சாதித்தார். நோயாளிக்குக் குளிர்ச்சியாகப் பட்டால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்றார் மருத்துவர். அடுத்த முறை அந்த அம்மா கொண்டுவந்தது கொதிக்கக் கொதிக்க! நோயாளி அலறிவிட்டார். சூடு தாங்கவில்லை, மறுபடியும் சுற்றுகிறது என்று கத்துகிறார். வேறொருவராக இருந்தால் நர்ஸை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். பாராணி நோயாளியின் கண்ணைப் பார்த்தார். குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கமாகத் துடித்த கண், சுடுநீருக்கு எதிர்ப்பக்கமாகத் துடிக்கிறது! சூடான திரவம் மேலே எழும், குளிர்ந்தது கீழே இறங்கும். உட்காதின் திரவமும் அப்படியே நகர்கிறது என்று பிடித்துவிட்டார். 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் அதற்குத்தான். அந்தச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. சுவீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக முயன்ற பிறகே 1916-இல் விடுதலையானார்.

ஏன் இதை இவ்வளவு நீட்டினேன்? நோயாளி சொன்னதை ஒரு மருத்துவர் நம்பினார். ஒரு துறையே திறந்தது. தாய்மார்களே, உங்கள் வார்த்தையை எத்தனை பேர் நம்புகிறார்கள்? குழந்தை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பவள் தாய்தான். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், பொறு என்று வீட்டுப் பெரியவர்கள் சமாதானம் சொல்கிறார்கள். பின்னால் கை தட்டிப் பார்க்கிறார்கள், குழந்தை திரும்புகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அது திரும்பியது சத்தத்துக்கா, சுவரில் அசைந்த நிழலுக்கா, கட்டிலின் அதிர்வுக்கா? காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் மற்ற குழந்தையைப் போலவே மழலை ஒலி எழுப்பும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். இரண்டு வயதில் பேச்சு வராதபோது ஓடி வருகிறோம். மொழி பதிய வேண்டிய பொன்னான காலத்தில் பெரும்பகுதி அதற்குள் கழிந்திருக்கும். ஐந்தில் வளையாதது என்கிறோமே, காதைப் பொறுத்தவரை ஐந்து வயதுகூடத் தாமதம்தான்!

ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை காது கேட்பதில் குறையோடு பிறக்கின்றன. கண்டுபிடிக்க வலியில்லாத வழி இருக்கிறது. நலமான உட்காது, கேட்ட ஒலிக்குப் பதிலாகத் தானே மெல்லிய ஒலி எழுப்பும் என்பதை 1978-இல் டேவிட் கெம்ப் என்ற ஆய்வாளர் காட்டினார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு ரப்பர் முனையை வைத்து அந்தப் பதிலொலியைப் பதிவு செய்கிறார்கள். சில நிமிட வேலை. குழந்தை விழிப்பதுகூட இல்லை. முதல் முறை பதில் வரவில்லை என்றால் பதற வேண்டாம், பிறந்தபோது தங்கிய ஈரமும் காரணமாகலாம். மறுபடி எடுத்துவிட்டு, தேவையானால் ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் எதிர்வினையைப் பார்க்கும் சோதனைக்குப் போக வேண்டும். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதி, ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதே வல்லுநர்கள் வகுத்த கணக்கு. கேட்கும் கருவி போதாத குழந்தைக்கு, அறுவை செய்து உட்காதில் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கிறது. அதற்கும் சீக்கிரம் வருபவர்களுக்கே பலன் அதிகம்.

உலகில் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் குறை என்றும், அவர்களில் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ பயிற்சியோ தேவை என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் உரத்த சத்தத்தால் அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்போன் மாட்டிய பிள்ளைகளே, வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் ஒலியின் அளவு 80 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ஸ் போட்டுக் குறும்பியை உள்ளே தள்ளாதீர்கள். திடீரென்று ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாள் போகப் போக மருந்தின் பலன் குறையும்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குரல்வளையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் குரல்நாணை மருத்துவர் பார்த்தாக வேண்டும், புகைப்பவர்கள் அந்த மூன்று வாரமும் காத்திருக்க வேண்டாம். வகுப்பில் நாள் முழுதும் உரக்கப் பேசும் ஆசிரியப் பெருமக்களுக்குக் குரல்நாணில் கணு போன்ற சிறு தடிப்பு விழலாம். பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியிலேயே தீரும். இப்போதைக்கு இவ்வளவுதான்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாங்கள் மேடைதோறும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். செய்து காட்டும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் எடை எழுதுகிறீர்கள், தடுப்பூசி எழுதுகிறீர்கள். அதன் கீழே ஒரு வரி சேருங்கள்: வலது காது, இடது காது, சோதித்த தேதி. அந்த வரி காலியாக இருந்தால், தாய்மார்களே, சீட்டை வாங்காதீர்கள். எப்போது சோதிப்பீர்கள் என்று கேட்டு, தேதி எழுதி வாங்கிய பிறகு கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.