ரத்தத்திலிருந்து பால் செம்பு வரை

(மானூர் பக்கம் பால் மாடு வளர்ப்பவர்கள் கூடிய கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

சாயங்காலக் கறவையை முடித்துவிட்டு அவசர அவசரமாக வந்திருக்கும் அக்காமார், அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். மாட்டின் உடம்பில் அவ்வளவு ரத்தம் ஏது? இருக்கிற ரத்தமே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. சத்துகளோடு ஹார்மோன்களும் அதில்தான் பயணம் செய்கின்றன. அவை பாலுக்குள் எப்படி வருகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் ஏராளம். ஒவ்வொரு பையின் உள்சுவரும் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. செல்லுக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் பால். நன்றாகக் கறக்கும் மாட்டில் இந்தச் செல்கள் நல்ல கொத்தனார் பூசிய தொட்டிச் சுவர் மாதிரி இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கும். ஆகவே ஹார்மோன் பாலுக்குப் போக வேண்டுமானால் செல்லுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேற வேண்டும்.

செல்லின் மேலுறை பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பில் கரையும் ஹார்மோனுக்கு அது ஒரு தடையே இல்லை. சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன், பயத்திலும் வலியிலும் கூடும் கார்டிசால் எல்லாம் இந்த வகைதான். யாரும் கூட்டிப்போக வேண்டாம். ரத்தத்தில் கூடினால் பாலிலும் கூடும், குறைந்தால் குறையும். புரோஜெஸ்டிரோன் பாலுக்கு வந்தபின்னும் கொழுப்பில்தான் போய் ஒதுங்கும். அதனால் ஆடை நீக்கிய பாலைவிட வெண்ணெயில் அது அதிகம்.

இதில் நமக்கு ஒரு லாபம் இருக்கிறது. சினை ஊசி போட்ட 21 முதல் 24 நாளுக்குள் பாலைச் சோதித்துப் புரோஜெஸ்டிரோன் குறைவாக இருந்தால், மாடு சினை பிடிக்கவில்லை என்று அநேகமாக உறுதியாகச் சொல்லிவிடலாம். அதிகமாக இருந்தால் சினையாக இருக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிவிடக் கூடாது, பின்னால் கையை விட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பண்ணைகளில் இது வாடிக்கையான சோதனை. நம் ஊருக்கும் பரவலாக வந்தால், இரண்டு மாதம் சும்மா காத்திருந்து தீனிச் செலவு செய்வது மிச்சமாகும்.

அடுத்தது புரத ஹார்மோன்கள்: இன்சுலின், புரோலாக்டின் போன்றவை. உருவத்தில் பெரியவை, கொழுப்பில் கரையாதவை. உறையைத் தாண்ட முடியாது. ஆனால் செல்லின் ரத்தப் பக்கத்தில் இவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. ஹார்மோன் அதில் ஒட்டியதும் செல் தன் உறையைக் குழித்து, அதை ஒரு குமிழுக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்தக் குமிழை மறுபக்கம் கொண்டுபோய்ப் பாலில் திறந்துவிடும். நோய் எதிர்ப்புப் புரதங்கள் சீம்பாலுக்குள் வருவதும் இப்படித்தான். சீம்பாலில் இன்சுலினும் சாதாரணப் பாலைவிட அதிகம். கன்றின் குடல் அந்தப் புரதங்களை முழுசாக உறிஞ்சுவது முதல் ஒரு நாள்தான். நேரம் ஆக ஆக அந்த வழி அடைபடும். நஞ்சுக்கொடி விழட்டும், அதற்கப்புறம் குடிக்கட்டும் என்று கன்றைக் கட்டிப்போடும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒன்று.

மூன்றாவது வழியும் உண்டு, ஆனால் அது ஓட்டை. மடிநோய் வந்தால் செல்களுக்கு நடுவே இடைவெளி விழும். ரத்தத்து உப்பு பாலுக்கும், பாலின் சர்க்கரை ரத்தத்துக்கும் போய்விடும். பால் உப்புக் கரிக்கிறது என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

சரி, வந்ததிலிருந்து பின்வரிசை அக்கா கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி: ஊசி போட்டுக் கறந்த பாலைக் குடித்துத்தான் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்களா?

அந்த ஊசி ஆக்ஸிடோசின். அதன் வேலை பாலுக்குள் இல்லை; பைகளைச் சுற்றியிருக்கும் தசைச் செல்களைப் பிழிய வைப்பதுதான் அதன் வேலை. ரத்தத்தில் சில நிமிஷங்களிலேயே அது கரைந்துபோகும். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துண்டு. பாலில் கொஞ்சம் வந்தாலும் நம் குடல் அதை வெட்டிச் செரித்துவிடும். வயசுக்கு வர வைக்கும் ஹார்மோன்களின் வகையிலும் அது சேராது.

அதற்காக ஊசிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அடி வாங்குவது மாடு. தினமும் போட்டால் தன் சொந்த ஆக்ஸிடோசினுக்கு மடி சரியாக மசியாது. ஊசி இல்லாமல் பால் இறங்காது என்ற நிலைக்கு வந்துவிடும். மாட்டுக்குக் கேடு செய்யும் ஊசியைப் போட்டுப் பால் கறப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பசு மடியில் ஐந்தில் நான்கு பங்கு பால் அந்தச் சின்னப் பைகளில்தான் தேங்கியிருக்கும். அது இறங்க மாட்டின் மூளையிலிருந்தே ஆக்ஸிடோசின் வர வேண்டும். கன்று முட்டினாலும் வரும், மடியைக் கழுவித் தடவினாலும் வரும். மாட்டை அதட்டினால், நாய் குரைத்தால், அட்ரினலின் வந்து அதைக் கெடுத்துவிடும். மடியைத் தொட்ட ஒன்றிரண்டு நிமிஷத்துக்குள் கறக்க ஆரம்பித்து, ஏழெட்டு நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள். நடுவில் போன் வந்தால் எடுக்காதீர்கள். நீங்கள் பேசி முடிப்பதற்குள் அந்த ஹார்மோன் தீர்ந்துபோயிருக்கும்.