வெறுங்காலோடு வந்த சாம்பியன்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)

மேடையில் வீற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை நமக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் எலும்பு முறிவு மருத்துவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்தக் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, போன கூட்டத்தில் நான் சொல்ல மறந்து அதனால் இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இருந்த துணைத் தலைவர் அவர்களே, கரண்ட் போனாலும் மைக் போகாமல் பார்த்துக்கொள்ளும் தம்பி, முன் வரிசையில் இருக்கும் பெரியவர்களே, பின் வரிசையில் சுண்டல் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு நன்றி. போன மாதம் நான் இன்னொருவருக்குப் போர்த்திய அதே பொன்னாடை மாதிரிதான் தெரிகிறது, பரவாயில்லை, நல்ல துணி.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பந்தயக் காரும் பகட்டு வாழ்வும்’. யாரைப் பற்றிப் பேசலாம் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜேம்ஸ் ஹன்ட். இங்கிலாந்துக்காரர், ஃபார்முலா ஒன் என்ற உயர்மட்டக் கார் பந்தயத்தில் 1976-இன் உலக சாம்பியன். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, அவர் எப்படி மேலே வந்தார். இரண்டு, அவர் கைக்குப் பணம் எப்படி வந்து எப்படிப் போனது. மூன்று, அந்தக் காலத்துப் பந்தயக் காருக்கும் இந்தக் காலத்துக் காருக்கும் உள்ள வித்தியாசம். ஆய்வாளர் ஐயா மூன்றாவதுக்காகத்தான் வந்திருக்கிறார் என்று தெரியும்.

அதற்கு முன்னால், என் கூட்டங்களுக்கு வந்து பழகியவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன். பதறாத காரியம் சிதறாது. சிரிக்காதீர்கள், இன்றைக்கு இது ரொம்பப் பொருந்தும்.

ஹன்ட் 1947-இல் பிறந்தவர். அப்பா பங்குச்சந்தைத் தரகர், பையன் படித்ததும் பெரிய இடத்துப் பள்ளி. வீட்டில் டாக்டர் ஆக்க வேண்டும் என்று நினைத்தார்கள், நம் ஊர் மாதிரியேதான். 18 வயதில் சில்வர்ஸ்டோனில் ஒரு கார் பந்தயம் பார்த்தார், அதோடு டாக்டர் படிப்பு காலி. அப்பா பணம் தர மறுத்துவிட்டதால் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது போன்ற கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, நொறுங்கிப்போன ஒரு மினி காரை வாங்கி, சுமார் இரண்டு வருடம் தட்டிக்கொட்டிச் சரிசெய்து, முதல் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால், சோதனை செய்யும் அதிகாரிகள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் தெரியுமா? கார் சீட் இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்தில் போடும் நாற்காலி இருந்தது! ஐயா, உங்கள் காலத்தில் இப்படி ஒரு வண்டி எஃப்.சி.க்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? (ஐயா கையை ஆட்டினார், கூட்டம் சிரித்தது.)

சாலையில் ஓடும் சாதாரண வண்டியை மாற்றி ஓட்டும் அந்த வகைப் பந்தயத்தில் தொடங்கியவர், 1973-இல் டூர் ஆஃப் பிரிட்டன் என்ற போட்டியில் ஒரு செவ்ரலே கமாரோவை ஓட்டி ஜெயித்தார். அதே வருடம்தான் மொனாக்கோவில் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தார், அதுவும் எப்படிப்பட்ட அணியோடு! ஹெஸ்கெத் பிரபு என்று இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு இளவட்டம், பரம்பரைச் சொத்து கையில் இருக்கிறது, தன் மாளிகைத் தொழுவத்தில் பட்டறை போட்டு கார் கட்டினார். காரில் ஒரு விளம்பரம் கிடையாது. வெள்ளை வண்டி, அதில் ஒரு கரடி பொம்மைப் படம். பந்தயத்துக்கு ரோல்ஸ் ராய்ஸிலும் ஹெலிகாப்டரிலும் வந்து ஷாம்பெயின் உடைப்பார்கள். மற்ற அணிக்காரர்கள் இதைக் கல்யாண வீட்டுக் கூத்து என்றுதான் நினைத்தார்கள், 1975-இல் ஹாலந்தின் சான்ட்வோர்ட்டில் நிக்கி லாவுடா என்ற ஓட்டுநரின் ஃபெராரி காரை முந்தி ஹன்ட் ஜெயிக்கும் வரைக்கும்.

ஆளும் அந்த அணிக்கேற்ற ஆள்தான். பெரிய மனிதர்கள் கோட்டு சூட்டோடு நிற்கும் விருந்துக்கு ஜீன்ஸ், டீ ஷர்ட், வெறுங்கால். சாப்பிடப் போகும் ஹோட்டலுக்கு ஆஸ்கர் என்ற அல்சேஷன் நாயையும் கூட்டிக்கொண்டு போவார். குடி, சிகரெட், பெண்கள் என்று பத்திரிகைக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் நான் மெச்சவில்லை, முன் வரிசைப் பெரியவர் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். கோபக்காரரும்கூட. 1970-இல் கிரிஸ்டல் பேலஸ் பந்தயப் பாதையில் தன் காரோடு மோதிய டேவ் மோர்கன் என்ற ஓட்டுநரைத் தேடிப் போய்க் கை வைத்தார், அது டிவியிலேயே வந்தது. 1977-இல் கனடாவில் ஒரு மார்ஷலை, அதாவது பந்தயப் பாதையில் பாதுகாப்பு பார்க்கிறவரை, அடித்து அபராதம் கட்டினார். ஆனால் இதே ஆள் பந்தயம் தொடங்குவதற்கு முன் பயத்தில் வாந்தி எடுப்பார், காருக்குள் உட்கார்ந்த பிறகு நடுக்கத்தில் வண்டியே அதிரும் என்பார்கள். கொடி அசைந்ததும் எல்லாம் நின்றுவிடும். பதறாத காரியம் சிதறாது என்றால் பதற்றமே வராதவன் என்று அர்த்தம் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சரி, 1976. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஹெஸ்கெத் பிரபுவின் பணம் தீர்ந்து ஹன்ட் வேலையில்லாமல் நிற்கிறார். அந்த நேரம் பார்த்து மெக்லாரன் அணியை விட்டு அதன் ஓட்டுநர் எமர்சன் ஃபிட்டிபால்டி விலக, அந்த சீட் இவருக்குக் கிடைக்கிறது. எதிரே ஆஸ்திரியாவின் நிக்கி லாவுடா, நடப்பு சாம்பியன், கணக்குப் போட்டு ஓட்டுகிறவர். இருவரும் நண்பர்கள், அது பலருக்குத் தெரியாது. ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 23 கிலோமீட்டர், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகிற பாதை. லாவுடாவின் கார் பாதையோர மண்மேட்டில் மோதி, தீப்பிடித்து, பாதையின் நடுவில் வந்து நிற்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். ஆஸ்பத்திரியில் பாதிரியார் வந்து கடைசிச் சடங்கு செய்கிற நிலைமை. அந்த மனிதர் ஆறு வாரத்தில், தலையில் கட்டோடு, இத்தாலியின் மோன்ஸாவில் திரும்பவும் ஓட்டி நான்காவதாக வந்தார்.

கடைசிப் பந்தயம் ஜப்பானில், ஃபூஜி மலையடிவாரத்தில், அக்டோபர் 24. லாவுடாவுக்கு 68 புள்ளி, ஹன்டுக்கு 65. கொட்டுகிறது மழை. ஓட்டுவதா வேண்டாமா என்று மணிக்கணக்கில் பேச்சு, கடைசியில் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம் என்று தொடங்கிவிட்டார்கள். இரண்டே சுற்று, லாவுடா வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி இறங்கிவிட்டார். இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று முடிவு செய்துவிட்டார், அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் பாருங்கள். ஹன்ட் முதலில் போய்க்கொண்டிருக்கிறார், வெற்றி உறுதி என்று எல்லோரும் நினைக்கும்போது பாதை காய ஆரம்பிக்கிறது. மழைக்கான டயர் காய்ந்த தரையில் வெந்து தேய்கிறது. மாற்றுவதா, அப்படியே போவதா? பிட்டில் இருந்து, அதாவது அணி ஆட்கள் டயர் மாற்றக் காத்திருக்கும் இடத்தில் இருந்து, தெளிவாக ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். மொத்தம் 73 சுற்று, முடிய ஐந்தாறு சுற்று இருக்கும்போது டயர் காற்றை விட்டுவிட்டது! நல்ல வேளை, பிட் வாசல் பக்கத்திலேயே. மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஐந்தாவது இடம். நான்காவதாக வந்தாலே போதும், ஆனால் அந்தக் கணக்கு உள்ளே இருக்கிறவருக்குத் தெரியவில்லை. மிதித்தார். ஆலன் ஜோன்ஸையும் ரெகட்ஸோனியையும் தாண்டி முடித்துவிட்டு, தோற்றுவிட்டோம் என்ற நினைப்பில் இறங்கி, அணி மேலாளர் டெடி மேயரைப் பார்த்து டயர் விஷயத்துக்காகக் கத்து கத்தென்று கத்துகிறார். மேயர் பாவம், மூன்று விரலைக் காட்டுகிறார், நீ மூன்றாவது, நீ சாம்பியன் என்று. இவர் கேட்கவே இல்லை, திட்டிக்கொண்டே இருக்கிறார். தன் கல்யாணத்துக்குத் தாலி கட்டிவிட்டு, மண்டபம் சரியில்லை என்று மாமனாரோடு சண்டை போடுகிற மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா, அப்படி. (இங்கே கைதட்டல்.) 69-க்கு 68. ஒரே ஒரு புள்ளி.

இனி நான் எதற்காக இந்த ஆளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு வருகிறேன். துணைத் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது.

நூர்பர்க்ரிங்கில் எரிந்துகொண்டிருந்த வண்டியிலிருந்து லாவுடாவை வெளியே எடுத்தது யார்? தீயணைப்பு வண்டி இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. பின்னால் ஓட்டி வந்த நான்கு பேர். இத்தாலியின் மெர்சாரியோ, இங்கிலாந்தின் கை எட்வர்ட்ஸ், அமெரிக்காவின் பிரெட் லங்கர், ஆஸ்திரியாவின் ஹரால்டு எர்ட்ல். நான்கு பேரும் போட்டியாளர்கள். பெல்ட்டை அவிழ்த்தது மெர்சாரியோ. அவர்கள் வண்டியை நிறுத்தியிராவிட்டால் ஃபூஜியும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து, 1978 செப்டம்பர் 10, மோன்ஸா. தொடக்கத்திலேயே பல கார்கள் மோதி, ஸ்வீடன் நாட்டு ரோனி பீட்டர்சனின் லோட்டஸ் கார் தீப்பிடிக்கிறது. அந்தத் தீக்குள் கைவிட்டு அவரை இழுத்தவர்களில் நம் வெறுங்கால் ஆசாமி ஹன்ட் ஒருவர், கூட ரெகட்ஸோனி, டெபையே என்ற இரண்டு ஓட்டுநர்கள். பந்தயத்துக்கு முன் வாந்தி எடுக்கிறவர், மார்ஷலை அடித்தவர், அந்த நேரத்தில் பதறவில்லை. பீட்டர்சன் நினைவோடு இருந்தார், கால்கள் நொறுங்கியிருந்தன. ஆனால் போலீஸ் வளையம் போட்டு, பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸையே கிட்ட விடவில்லை, ஆம்புலன்ஸ் வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடுத்த நாள் காலை எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து பீட்டர்சன் இறந்துபோனார். இதை மருத்துவர் அம்மா என்னைவிட நன்றாக விளக்குவார். அதற்குப் பிறகுதான் முதல் சுற்று முழுக்க பின்னாலேயே ஒரு மருத்துவர் கார் போக வேண்டும் என்று வாட்கின்ஸ் அடம்பிடித்து வாங்கினார். ஹன்ட் அந்த விபத்துக்கு ரிக்கார்டோ பட்ரேசே என்ற இன்னொரு ஓட்டுநர்தான் காரணம் என்று பல வருடம் கரித்துக்கொட்டினார். நீதிமன்றம் பட்ரேசேயை விடுவித்தது, இவர் விடவில்லை. அது ஹன்டின் தப்பு, சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது நம் பைபாஸுக்கு வாருங்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரிப் பையன் லாரியில் அடிபட்டுக் கிடந்தான். சுற்றி முப்பது பேர், பாதிப் பேர் கையில் போன். நானும் ஐந்து நிமிடம் சும்மா நின்றேன், இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன். தொட்டால் கேஸ், கோர்ட், சாட்சி என்ற பயம். பக்கத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா தள்ளிக்கொண்டு வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ரத்தம் வந்த தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘108-க்கு அடிங்கடா, வேடிக்கை பாக்குறீங்க’ என்று கத்தினார். பதறாத காரியம் சிதறாது என்று நான் மேடை மேடையாகப் பேசுகிறேன், அந்த அம்மா பேசவில்லை. பையன் இப்போது லேசாக விந்தி நடக்கிறான், ஆனால் வேலைக்குப் போகிறான்.

அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அடிபட்டவருக்கு உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016-இலேயே உறுதி செய்துவிட்டது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவர் மீது வழக்கு வராது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. இதை நம் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். (தூக்கியவர்கள் ஆறு பேர், அதில் இருவர் மேடையில் இருப்பவர்கள்.)

ஆகவே அடுத்த மாதத்திலிருந்து, மாதத்தின் முதல் ஞாயிறு, இதே கூடத்தில் முதலுதவி வகுப்பு. மருத்துவர் அம்மா சம்மதித்துவிட்டார். ஒன்று மட்டும் இப்போதே சொல்லச் சொன்னார்: தீயோ வேறு ஆபத்தோ இல்லாவிட்டால் அடிபட்டவரை இழுக்கக் கூடாது, கழுத்தைத் திருப்பக் கூடாது, ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றதை வகுப்பில் சொல்வார்.

ஹன்ட் என்ன ஆனார் என்று அந்தத் தம்பி கேட்கிறார். மொத்தம் 10 பந்தயம் ஜெயித்து, 1979-இல் பாதியிலேயே விலகினார். பிபிசியில் மர்ரே வாக்கரோடு ஒரே மைக்கில் வர்ணனை செய்தார், முதல் தடவையே கட்டுப்போட்ட காலை வாக்கரின் மடிமேல் வைத்துக்கொண்டு. பணம் கரைந்தது, ஆஸ்டின் ஏ-35 வேன் ஒன்றை ஓட்டினார், சைக்கிளில் போனார், கிளி மாதிரிச் சின்னப் பறவைகள் வளர்த்தார். 1993 ஜூன் 15, மாரடைப்பு, 45 வயது. இரண்டாவது விஷயத்தை இதற்கு மேல் விரிக்க நேரமில்லை. மூன்றாவது, ஐயா மன்னிக்க வேண்டும், இன்னொரு நாள்.

வகுப்புக்குப் பெயர் கொடுக்கும் தாள் பின்னால் சுண்டல் மேசையில் இருக்கிறது. எழுதிவிட்டுச் சுண்டல் எடுங்கள், பேனா நூலகருடையது.