கண்ணுக்குத் தெரிவது சேலம், ஓட்டு கள்ளக்குறிச்சிக்கு | ஏற்காடு வ்லாக்

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிற்பது ஏற்காடு லேடீஸ் சீட். பின்னால் கீழே தெரிகிற கட்டடக் கூட்டம் எல்லாம் சேலம் மாநகரம்.

போன வீடியோவில் மிளகுக் கொடி காட்டினேன் இல்லையா, அதன் கீழே நிறைய பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள். "உங்கள் எம்.பி. செல்வகணபதிதானே, மலைச்சாலையைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்" என்று. அதில் இரண்டு விஷயம் இடிக்கிறது. ஒன்று, மலைச்சாலை மாநில நெடுஞ்சாலைத் துறை வேலை, எம்.பி. கையில் இல்லை. இரண்டாவது, எங்கள் எம்.பி. செல்வகணபதியே கிடையாது, அவர் சேலம் எம்.பி. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் இருக்கிறது. எங்கள் எம்.பி. மலையரசன். 2024-ல் திமுக சார்பில் நின்று, அதிமுகவின் குமரகுருவை சுமார் 53 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தவர்.

சேலத்தில் இருக்கிற என் சொந்தக்காரர்களே இதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆஸ்பத்திரி சேலம், கலெக்டர் ஆபீஸ் சேலம், பஸ் ஏறினால் இறங்குவது சேலம். எம்.பி. மட்டும் எப்படிக் கள்ளக்குறிச்சி? அந்த ஊருக்குப் போக வேண்டுமானால் மலை இறங்கி, ஆத்தூர் தாண்டி, சின்னசேலம் தாண்டிப் போக வேண்டும்.

சரி, கணக்கு எளிதுதான். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி 234, மக்களவைத் தொகுதி 39. வகுத்தால் ஆறு. ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தால் ஒரு எம்.பி. தொகுதி. சேலம் மாவட்டத்தில் இருப்பதோ 11. அதில் ஓமலூர், எடப்பாடி, சேலம் மேற்கு, வடக்கு, தெற்கு, வீரபாண்டி என்று ஆறை எடுத்து சேலம் மக்களவைத் தொகுதி ஆக்கிவிட்டார்கள். மிச்சம் ஐந்து. மேட்டூர் தருமபுரிக்குப் போனது, சங்ககிரி நாமக்கல்லுக்குப் போனது. ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு மூன்றும் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்தன. ஆக, ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்.பி. மாவட்டத்தில் ஏதாவது நல்லது நடந்தால் நாலு பேரும் பேனர் வைக்கலாம்.

இது 2008-ல் வந்த தொகுதி மறுவரையறை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் கோடு போட்டது. 2009 தேர்தலில் இருந்து நடைமுறை. அதற்கு முன்னால் ஏற்காடு சேலத்தோடுதான் இருந்தது. அதனால்தான் இங்கே வயதானவர்கள் இன்னும் சேலம் எம்.பி. கதைதான் சொல்வார்கள். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1984, 1989, 1991 என்று மூன்று முறை தொடர்ந்து காங்கிரஸில் ஜெயித்த ரங்கராஜன் குமாரமங்கலம். பிறகு அவர் பாஜகவுக்குப் போய், திருச்சியில் ஜெயித்து, மத்திய மின்துறை அமைச்சரும் ஆனார். 1998-ல் சேலத்தில் வாழப்பாடி இராமமூர்த்தி. வாஜ்பாய் அமைச்சரவையில் பெட்ரோலியத் துறை அவரிடம் இருந்தது. அந்த வாழப்பாடி ஊர் ஏற்காடு சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது, அதனால் இன்று அதுவும் கள்ளக்குறிச்சி.

எடப்பாடி பழனிசாமியும் 1998-ல் எம்.பி. ஆனவர்தான். ஆனால் சேலத்துக்கு இல்லை, திருச்செங்கோட்டுக்கு. அந்தத் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி இப்போது வரைபடத்திலேயே இல்லை.

ஒரு நிமிஷம், இந்தக் குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டு இருக்கிறது. போ, போ. பிஸ்கட் எல்லாம் கிடையாது.

அப்புறம், நிறைய பேர் 2024 சேலம் முடிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எடப்பாடியாரின் சொந்த மாவட்டத்தில் திமுக எப்படி ஜெயித்தது என்று. 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த மாவட்டத்தின் 11-ல் 10 இடம் அதிமுக கூட்டணிக்கு. திமுகவுக்கு சேலம் வடக்கு மட்டும்தான். மூன்றே வருஷத்தில் மக்களவைக்கு செல்வகணபதி சுமார் 70 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். 2021-ல் அதிமுகவும் பாமகவும் ஒரே அணி. 2024-ல் பாமக பாஜக பக்கம் போய்விட்டது. சேலத்தில் பாமக வேட்பாளர் அண்ணாதுரை ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். அதிமுகவின் விக்னேஷ் தோற்ற வித்தியாசத்தைவிட அது அதிகம். கெஜ்ஜல்நாயக்கன்பட்டியில் பிரதமரே வந்து கூட்டம் போட்டார், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாமக ஓட்டு அத்தனையும் கூட்டணி இருந்திருந்தால் அப்படியே அதிமுகவுக்கு வந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டு அப்படி மூட்டை கட்டி மாற்றுகிற சரக்கு இல்லை. ஆனால் போட்டி மூன்று பக்கமாகப் பிரிந்தது யாருக்கு வசதி என்பது தெரிந்த கதைதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. இதே செல்வகணபதி 1999-ல் இதே சேலத்தில் எம்.பி. ஆனார். அப்போது சின்னம் இரட்டை இலை. கால் நூற்றாண்டு கழித்து உதயசூரியன். சேலத்துக்காரர்கள் ஆளைப் பார்த்துப் போட்டார்களா, சின்னத்தைப் பார்த்துப் போட்டார்களா என்று டீக்கடையில் ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

சரி, மலைக்கு வருகிறேன். இங்கே யாரிடம் கேட்டாலும் "எங்களைத் திரும்ப சேலத்தோடு சேர்க்க வேண்டும்" என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. திட்டுவதாக இருந்தால் முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எம்.பி.யிடம் உண்மையில் வேலை இருக்கிறவர்கள் மலைக்காரர்கள்தான். காபி வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மிளகுக்கு நறுமணப் பொருள் வாரியம், அதுவும் அங்கேதான். நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைகிறவர்கள் பேசுகிற வன உரிமைச் சட்டம், 2006-ல் நாடாளுமன்றம் போட்ட சட்டம். எல்லாவற்றுக்கும் மேல் எஸ்.டி. பட்டியல். யார் பழங்குடி, யார் இல்லை என்று அந்தப் பட்டியலைத் திருத்துகிற அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். சேர்வராயன் மலையில், அதாவது எங்கள் ஏற்காடு மலையில், இருக்கிற மலையாளி மக்கள் பட்டியலில் இருக்கிறார்கள். மலையாளி என்றால் கேரளக்காரர்கள் இல்லை, இந்த மலைகளின் பழங்குடி மக்கள். ஈரோடு மாவட்டம் பர்கூர், கடம்பூர் மலையில் இருக்கிற அதே மலையாளி மக்களுக்குப் பட்டியலில் இடம் இல்லை, பல காலமாகக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்கள். சட்டத்தில் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி எழுதியிருக்கிறார்கள், அதில் அவர்கள் பக்கம் விட்டுப்போயிற்று. நரிக்குறவர்களைப் பட்டியலில் சேர்க்கவும் டெல்லியில்தான் மசோதா நிறைவேற வேண்டி இருந்தது, 2022 டிசம்பரில்.

இப்படி இருக்கும்போது எம்.பி. யாராக இருந்தாலும் மலையின் சத்தம் அவர் காதில் விழ வேண்டும். தமிழ்நாட்டில் எஸ்.டி.க்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதி இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். மக்களவையில் 39-ல் ஏழு எஸ்.சி. தனித்தொகுதி, எஸ்.டி.க்கு ஒன்றுகூட இல்லை. ஆக ஏற்காட்டுக்கு எம்.எல்.ஏ. பழங்குடி, எம்.பி. பொதுத்தொகுதி ஆள். அந்த ஏற்காடு சட்டமன்றத் தொகுதியிலும் ஓட்டில் பெரும்பகுதி கீழேதான், வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கம். வேட்பாளர் நேரத்தை எங்கே செலவு செய்வார்? பிரச்சாரத்துக்கு இங்கே வருகிற வண்டி ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பேசிவிட்டு, சால்வை வாங்கிக்கொண்டு, குப்பனூர் வழியாக இறங்கிவிடும். உள் கிராமங்களுக்கு நோட்டீஸ் மட்டும் வரும்.

இப்போது எங்களைத் தூக்கி சேலத்தோடு வையுங்கள். அங்கே மாநகரத்துக்கு மட்டுமே மூன்று சட்டமன்றத் தொகுதி. இரும்பாலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, காமலாபுரம் விமான நிலையத்தைப் பெரிதாக்கு என்று அவர்களுக்குப் பெரிய பெரிய கோரிக்கைகள் இருக்கின்றன. எல்லாம் நியாயமானவையும்கூட. அதற்கு நடுவில் காபிக்கொட்டை விலையை யார் காதில் வாங்குவார்கள்?

கள்ளக்குறிச்சியில் அப்படி இல்லை. கல்வராயன் மலையின் பெரும்பகுதி இதே தொகுதியில்தான் வருகிறது. அங்கேயும் மலையாளி மக்கள். பட்டா, பள்ளிக்கூடம், சாதிச் சான்றிதழ் என்று ஒரே மாதிரிப் பிரச்சினை. இரண்டு மலை ஓட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் எந்த வேட்பாளரும் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். 2019-ல் கௌதம சிகாமணி இங்கே கிட்டத்தட்ட 4 லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார், அப்போது மலை ஓட்டு யாருக்கும் கணக்கிலேயே இல்லை. 2024-ல் வித்தியாசம் 53 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. இந்த நெருக்கத்தில் இரண்டு மலைக்கும் விலை உண்டு. ஆனால் சேர்வராயன்காரரும் கல்வராயன்காரரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கோரிக்கை மனு எழுதி நான் பார்த்ததில்லை. அது நம் பக்கத்துக் குறைதான்.

அடுத்த மறுவரையறை பற்றி டிவியில் பேசுகிறார்கள். 39 குறையுமா, மற்ற மாநிலங்களுக்கு எத்தனை கூடும் என்றே பேச்சு. அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையோடு கோடும் மாறும், அந்தக் கோடு மறுபடியும் இந்த மலைமேல்தான் போகும். போன முறை ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, பொது அமர்வும் நடத்தித்தான் முடிவு செய்தது. இறுதி ஆணை வந்த பிறகு கோர்ட்டுக்குப் போய் மாற்றுவது மிக மிகக் கடினம், சட்டம் அப்படி. எனவே வரைவு வருகிற அந்த இடைவெளியில் மனு கொடுக்கிறவர்கள் கொடுத்தால்தான் உண்டு. சேலத்தோடு சேர்க்கச் சொல்வதா, இரண்டு மலையையும் பிரிக்காதே என்று சொல்வதா என்பதை அதற்குள் நாம் பேசி வைக்க வேண்டும். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

மேட்டூர், சங்ககிரி, ஆத்தூர் ஆட்கள் இதைப் பார்க்கிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள், உங்கள் எம்.பி. பெயர் பார்க்காமல் சொல்லத் தெரியுமா? கூகுள் பண்ணக் கூடாது. அடுத்த வீடியோ வாழப்பாடி சந்தையில் இருந்து. வரட்டுமா.