கவாத்துக்காரருக்கு ஒரு கால்கவசம்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற, அதாவது செடியைக் கத்தியால் கழிக்கிறவர்களின் கெண்டைக்காலையும் முன்காலையும் கவனித்திருக்கிறீர்களா? கத்தி நழுவினால் முதலில் காயப்படுவது அந்த இடம்தான். வெட்டிய செடியின் குச்சிமுனைகளும் அங்கேதான் குத்தும். அவர்களுக்காக, ஃபைபர் கிளாஸில் வீட்டிலேயே செய்யக்கூடிய கால்கவசம் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஃபைபர் கிளாஸ் என்பது ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கண்ணாடி இழையும் சேர்ந்தது. ரெசின் மட்டும் காய்ந்தால் அடிபட்டதும் நொறுங்கும். கண்ணாடி இழை மட்டும் இருந்தால் துணி மாதிரித் துவளும். இரண்டும் சேர்ந்தால், விழுந்த அடியை இழை தன் நீளத்துக்கும் இழுத்துப் பரப்பிவிடுகிறது. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (கண்ணாடி இழை விரிப்பு) ஓர் அடுக்கு ரெசினோடு காய்ந்தபின் சுமார் 1 மில்லிமீட்டர் வரும். மூன்று அடுக்கு போடுங்கள். நடுவில் நெய்த துணி ஒன்று வைத்தால் கத்திவெட்டை இன்னும் நன்றாகத் தாங்கும். ரெசினை அள்ளி ஊற்றாதீர்கள். ரோலரால் அழுத்திக் காற்றுக்குமிழியையும் மிச்ச ரெசினையும் வெளியேற்றுங்கள். உள்பக்கம் ஃபோம் ஷீட் கட்டாயம். ஓடு அடியைப் பரப்பும், ஃபோம்தான் அதை வாங்கிக்கொள்ளும்.

அச்சுக்கு, காலில் பிளாஸ்டிக் தாள் சுற்றி மாவுக்கட்டு போட்டு எடுக்கலாம். ரெசினை நேராகக் காலில் வைத்துப் பார்க்கவே கூடாது, இறுகும்போது சுடும்.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கடையில் கோபால்ட்டும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டும் (ரெசினை இறுக வைப்பது) தனித்தனி பாட்டிலில் தருவார்கள். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி, அப்புறம்தான் கேட்டலிஸ்ட், அதுவும் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். காய்ந்ததை அறுக்கும்போது பறக்கும் தூசுக்கு மாஸ்க் வேண்டும், அதோடு அறுக்கும் இடத்தை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டால் மேலும் நல்லது.

காட்டெருமைக்கு இது தாங்குமா என்று கேட்பார்கள். தாங்காது. ஆயிரம் கிலோ வரை எடையுள்ள விலங்கு முட்டினால் எந்த ஓடும் உங்களைக் காப்பாற்றாது, விலகிப் போவதே வழி. துப்பாக்கிக் குண்டுக்கும் இது அல்ல.

நம் ஊர்க் குளிரில் ரெசின் இறுகத் தாமதமாகும். அதற்காகக் கேட்டலிஸ்ட்டைக் கூட்டாதீர்கள், அடுப்பருகிலும் கொண்டுபோகாதீர்கள். ரெசினின் ஆவி தீப்பிடிக்கும். பங்குனி, சித்திரை வெயிலில் திறந்த வெளியில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அச்சு எடுப்பதை மழைக்காலத்திலேயே முடித்து வைக்கலாம்.